அக்டோபர் என்றால் எட்டு, அப்புறம் ஏன் பத்தாவது மாதம்?

மீனா அம்மா:
ஐந்தாம் வகுப்பு படிக்கிற மகள் நேற்று ராத்திரி என்னை மடக்கிவிட்டாள். ஆக்டோபஸுக்கு எட்டுக் கை, அப்புறம் அக்டோபர் மட்டும் ஏன் பத்தாவது என்று கேட்கிறாள். தேடிப் பார்த்தால் லத்தீனில் செப்டம் ஏழு, நோவம் ஒன்பது, டெசம் பத்து. எல்லா மாதமும் இரண்டு தள்ளியே நிற்கிறது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்:
ஜூலியஸ் சீசருக்காக ஜூலை, அகஸ்டஸுக்காக ஆகஸ்ட் என்று நடுவில் இரண்டு மாதத்தைச் செருகிவிட்டார்கள். மீதி எல்லாம் தள்ளிப்போனது.

சிவகாசிக்காரன்:
கதிர் தம்பி, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் 22 வருடமாகக் காலண்டருக்கு லே-அவுட் போடுகிறவன். இத்தாலியில் ஆன்சியோ என்ற ஊரில் 1915இல் கிடைத்த ஒரு சுவர்க் காலண்டரின் படத்தைப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. சீசர் திருத்துவதற்கு முந்தைய ரோமக் காலண்டர் இது. காரைப் பூச்சில் கறுப்பிலும் சிவப்பிலும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் இன்றைக்கும் ஓட்டுகிற அதே இரண்டு கலர்! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அதில் ஜூன் பத்திக்கு அடுத்து குவின்டிலிஸ், செக்ஸ்டிலிஸ். ஐந்தாவது, ஆறாவது என்று அர்த்தம். ஆக, அந்த இரண்டு மாதமும் முன்பே இருந்தன, பெயர் மட்டும்தான் பிறகு மாறியது. குவின்டிலிஸ் கி.மு. 44இல் ஜூலை ஆனது, செக்ஸ்டிலிஸ் கி.மு. 8இல் ஆகஸ்ட் ஆனது. எண்ணிக்கை மார்ச்சிலிருந்து தொடங்கியதுதான் விஷயம். மார்ச் ஒன்று என்றால் அக்டோபர் எட்டு. கன்சல்கள், அதாவது வருடத்துக்கு இருவராக ரோமை ஆண்டு படையும் நடத்தியவர்கள், பதவியேற்றதும் ஒரு காலத்தில் மார்ச் 15இல்தான். ஸ்பெயினில் போர் மூண்டு, தளபதி சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று கி.மு. 153இல் அதை ஜனவரி 1க்கு மாற்றினார்கள்.

அந்தச் சுவரில் 13 பத்திகள். அடியில் ஒவ்வொரு மாதத்துக்கும் நாள் கணக்கு: நான்கு மாதம் 31, பிப்ரவரி 28, மீதி ஏழும் 29. கூட்டினால் 355தான் வரும். பத்து நாள் குறைகிறதே, அதைச் சரிக்கட்டத்தான் 13ஆவது பத்தி. பிப்ரவரி 23 அல்லது 24ஓடு நிறுத்திவிட்டு 27 நாளில் ஒரு அதிக மாதம் போடுவார்கள். எந்த வருடம் போடுவது என்பது பூசாரிகள் கையில். வேண்டியவர் பதவியில் இருந்தால் வருடம் நீளும், வேண்டாதவர் என்றால் அதிக மாதம் வராது. ரோம அரசியல்வாதி சிசரோ, இன்றைய துருக்கியின் தெற்கே இருந்த சிலிசியாவில் ஆளுநராக இருந்தபோது, இந்த வருடம் அதிக மாதம் போட விடாதீர்கள் என்று ரோமில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சியிருக்கிறார். வீடு திரும்பும் நாள் எது என்று ஒரு ஆளுநருக்கே தெரியவில்லை! தேதி போடுகிற வேலை செய்கிறவனுக்கு இது நெஞ்சில் தைக்கிறது.

கடைசியில் சீசர் கி.மு. 46ஐ 445 நாளாக நீட்டிப் பருவத்தோடு சேர்த்தார். மறு வருடத்திலிருந்து 365 நாள், நான்கு வருடத்துக்கு ஒரு லீப். கணக்குப் போட்டுக் கொடுத்தவர் சோசிஜெனஸ் என்ற வானியலாளர். வருடத்துக்கு 365 நாள் என்பது எகிப்தில் அதற்கும் பல நூற்றாண்டு முன்பே இருந்த கணக்கு.

கதிர்:
நன்றி அண்ணே, திருத்திக்கொண்டேன். லீப் நாள் பிப்ரவரியில் வருவதும் இதனால்தானா?

சிவகாசிக்காரன்:
ஆமாம் தம்பி. பழைய எண்ணிக்கையில் பிப்ரவரிதான் கடைசி, வருடத்தை ஒட்டுவதும் வெட்டுவதும் அங்கேதான். சீசர் காலத்தில் 29 என்று ஒரு தேதி கிடையாது, பிப்ரவரி 24ஐ இரண்டு முறை எண்ணினார்கள். அப்புறமும் வருடத்துக்குச் சுமார் 11 நிமிடம் அதிகமாகி, 1582இல் போப் கிரெகோரி அக்டோபர் 4க்கு மறுநாள் 15 என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

மீனா அம்மா:
அண்ணா, மகள் உங்கள் பதிலைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் மார்ச்சில் 1 என்று பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். அக்டோபரில் 8 வந்ததும் ஒரே கூச்சல். டிசம்பரில் 10 போட்டாயிற்று. ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் என்ன எழுத என்று கேட்கிறாள்.

சிவகாசிக்காரன்:
ரோமர்களின் பழங்கதைப்படி, ரோமை நிறுவிய ரோமுலஸ் காலத்தில் பத்து மாதம்தான் அம்மா. குளிர்காலத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை, நூமா என்ற அரசர்தான் பிறகு இந்த இரண்டையும் சேர்த்தாராம். இப்போதைக்கு அந்த இரண்டு தாளையும் வெறுமனே விடச் சொல்லுங்கள்.