புதுப்பிப்பு: மல்லாக்குக்குப் பதில் அலோகா

முன்பு கேட்டது: சி மொழி ஃபங்ஷனில் தற்காலிக பஃபருக்கு மல்லாக் (malloc, மெமரி கேட்டு வாங்குவது) செய்கிறோம், பிழை வந்து நடுவில் ரிட்டர்ன் ஆகும்போது அதைத் திருப்பித் தரும் ஃப்ரீ (free) விடுபட்டு மெமரி கசிகிறது, ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் மெமரி) இடம் எடுக்கும் அலோகாவுக்கு (alloca) மாறலாமா?

மாற்றிப் பார்த்தேன். கசிவு நின்றது, ஸ்டாக்கில் எடுத்த இடம் ஃபங்ஷன் முடிந்ததும் தானாகப் போய்விடும். ஆனால் ஃபங்ஷன் முடியும்வரை போகாது! லூப்புக்குள் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டாக் வளரும். இடம் போதாவிட்டால் இடமில்லை என்று காட்டும் நல் பாயின்டர்கூட (NULL) வராது, பெரும்பாலும் நேரே கிராஷ்தான். லினக்ஸில் மெயின் த்ரெட்டுக்கு (புரோகிராம் தொடங்கும் முதல் இழை) வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் இருக்கிறதே என்று நம்பினால், மஸ்ல் (musl) என்ற சி லைப்ரரியில் மற்ற த்ரெட்டுகளுக்கு இயல்பாக 128 கேபிதான்.

சரி, இப்போதைய ஏற்பாடு: 1 கேபி வரை சாதாரண லோக்கல் அரே, அதற்கு மேல் மல்லாக். எல்லா வழிகளும் கோட்டூ (goto, குறித்த இடத்துக்குத் தாவும் கட்டளை) மூலம் ஒரே லேபிளுக்கு வரும். அங்கே, பஃபரின் பாயின்டர் அந்த லோக்கல் அரேயைக் காட்டாவிட்டால் மட்டும் ஃப்ரீ. கோட்டூவைத் திட்டுபவர்கள் திட்டட்டும்.