புதுப்பிப்பு: ஒரே நோயாளி, மூன்று காயங்கள் - எந்த சிபிடி கோடு?

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவு சார்ட் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு) ஒன்றுக்கு எந்த சிபிடி கோடு (காப்பீட்டில் பணம் கேட்க ஒவ்வொரு சிகிச்சைக்கும் போடும் எண்) போடுவது என்று கேட்டிருந்தேன். முன்கையில் 3 செ.மீ., இரண்டு அடுக்குத் தையல். உள்ளங்கையில் 2 செ.மீ., ஓரடுக்குத் தையல். உச்சந்தலையில் 2 செ.மீ., ஸ்டேப்பிள். காயங்களின் நீளங்களைக் கூட்டி ஒரே கோடாகப் போடலாமா என்பதுதான் கேள்வி.

"முதலில் தையல் வகையைப் பார், அப்புறம் உடற்பகுதிக் குழு, இரண்டும் ஒத்தால் மட்டும் கூட்டு" என்ற பதில்தான் கைகொடுத்தது. சிம்பிள் (ஓரடுக்குத் தையல்) வகையில் உள்ளங்கையும் உச்சந்தலையும் ஒரே குழு. ஸ்டேப்பிளும் தையல் போலவே. ஆக மொத்தம் 4 செ.மீ., 12002. முன்கை இரண்டு அடுக்கு, அதாவது இன்டர்மீடியட், 12032. இரண்டில் எளிய வகையான 12002-க்கு மாடிஃபையர் 59 (இது தனிக் காயம் என்று காட்டும் துணை எண்). கிளைம் (காப்பீட்டுக் கோரிக்கை) பாஸ் ஆகிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள்: இன்டர்மீடியட்டில் குழுக்களே மாறும். கை (மணிக்கட்டுக்குக் கீழே), பாதம், கழுத்து எல்லாம் 12041 வரிசைக்குப் போய்விடும், முன்கையோடு சேராது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

எதிர்பாராதது, ஆடிட்டில் தையலைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. இ அண்ட் எம் கோடுக்கு (டாக்டர் பரிசோதித்து முடிவெடுத்ததற்கான கோடு) மாடிஃபையர் 25 (அந்தப் பரிசோதனை தையலிலிருந்து தனி என்று காட்டுவது) ஏன் என்றுதான் கேட்டார்கள். தலைக்காயத்துக்காக டாக்டர் தனியாகப் பரிசோதித்தது நோட்டில் தெளிவாக இருந்ததால் அதை ஏற்றுக்கொண்டார்கள். மரத்துப்போகும் ஊசிக்குத் தனிக் கோடு கிடையாது, தையலிலேயே அடக்கம். டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்) தடுப்பூசிக்கு உண்டு: மருந்துக்கு 90715, கூடவே ஊசி போட்டதற்கு 90471.

வெறும் ஒட்டுப் பட்டையால் மூடிய காயம் என்றால் ரிப்பேர் (தையல்) கோடே போடாதீர்கள், இ அண்ட் எம் மட்டும்தான்.