மீன் தொட்டியில் அனுபியாஸ் செடி இலையெல்லாம் கறுப்புப் பாசி, சுரண்டினாலும் போகவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்

கேள்வி (சத்துவாச்சாரி):
வணக்கம். வீட்டில் இரண்டடி மீன் தொட்டி, 54 லிட்டர். மீன்களில் கப்பி பத்து, பிளாட்டி நான்கு. செடிகளில் வாலிஸ்னேரியாவும், கட்டையில் கட்டிய அனுபியாஸும் இருக்கின்றன. பிப்ரவரி கடைசியில் தொட்டியை முழுக்கக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டேன். இப்போது மே மாதம். அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் பிரஷ் மயிர் மாதிரி கறுப்புப் பாசி. நகத்தால் சுரண்டினால் இலைதான் கிழிகிறது. ஃபில்டர் வாயிலும் அதேதான்.

எங்கள் போர்த் தண்ணீர் படு உப்பு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரில் 950. இந்த வெயிலில் வாரம் ஒரு அங்குலம் வற்றுகிறது. வற்றியதை மட்டும் ஊற்றி நிரப்புவேன். லைட் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை. கடையில் பாசி மருந்து ஒன்று கொடுத்தார்கள். ஊற்றிய மறுநாள் தொட்டியில் இருந்த ஆறு இறாலும் செத்துக் கிடந்தன, பையன் அழுதுவிட்டான். பேசாமல் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிவிடட்டுமா?

பதில் (காட்பாடி):
தம்பி, பாசி மருந்து பலவற்றில் செம்பு இருக்கும். மீன் தாங்கும் அளவைக்கூட இறால் தாங்காது. மீதியை ஊற்றாதீர்கள். ஆர்.ஓ.வும் வேண்டாம்; கப்பி, பிளாட்டி, வாலிஸ்னேரியா மூன்றுமே கடின நீரில் நன்றாக வாழ்பவை. தொட்டித் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு?

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் அளந்தேன் அண்ணா. 1560!

பதில் (காட்பாடி):
அதுதான் விஷயம். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே நிற்கும். அதன் மேல் வாரா வாரம் புது உப்பை ஊற்றியிருக்கிறீர்கள். மீன் கழிவும் வெளியே போக வழியில்லை. இந்தப் பாசிக்கு அழுக்குத் தண்ணீரும், 12 மணி நேர வெளிச்சமும், அனுபியாஸ் போல மெதுவாக வளரும் இலையும் கிடைத்தால் போதும், உட்கார்ந்துவிடும்.

ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள், மீன் அதிர்ச்சியில் செத்துவிடும். வாரம் இருமுறை, எட்டு லிட்டர் எடுத்துவிட்டு எட்டு லிட்டர் ஊற்றுங்கள். இடையில் வற்றுவதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ, மொட்டைமாடியில் பிடித்த மழைத் தண்ணீரோ விடலாம். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், மாடித் தூசியெல்லாம் வரும். லைட் ஆறு மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடுங்கள்.

பதில் (ராணிப்பேட்டை):
இருக்கும் பாசிக்கு நான் செய்வது: மெடிக்கலில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, சம அளவு தண்ணீர் கலந்துகொள்வேன். கட்டையோடு அனுபியாஸை வெளியே எடுத்து, கையுறை போட்டு, பாசி மேல் மட்டும் பழைய பிரஷால் தடவுவேன். மூன்று நிமிடம் கழித்து நன்றாக அலசி உள்ளே வைத்துவிடலாம். வாலிஸ்னேரியா பக்கம் கொண்டுபோகாதீர்கள், இலை கரைந்துவிடும். மோசமான இலைகளை அடியோடு வெட்டிவிடுவதே நல்லது, புது இலை வரும். கொஞ்சம் ஹார்ன்வொர்ட் செடி வாங்கி மிதக்கவிடுங்கள் சகோ. வேகமாக வளரும், பாசிக்குப் போகிற சத்தை அது இழுத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
தடவிய மூன்றாம் நாளே பாசி இளஞ்சிவப்பாக மாறிவிட்டது! பயந்துபோய்ப் படம் எடுத்து வைத்தேன்.

பதில் (ராணிப்பேட்டை):
பயப்படாதீர்கள், செத்துவிட்டது என்று அர்த்தம். அது சிவப்புப் பாசி இனம். பச்சையம் போனதும் உள்ளே இருக்கும் சிவப்பு நிறமி வெளியே தெரிகிறது.

கேள்வி கேட்டவர்:
அப்படியா! பிளாட்டி நான்கும் அதைத்தான் கொத்திக்கொண்டிருக்கின்றன. டிடிஎஸ் 1210க்கு இறங்கிவிட்டது. நேற்று சாயங்காலம் இடியோடு நல்ல மழை, இரண்டு பக்கெட் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். அனுபியாஸில் ஒரு குருத்து சுருள் பிரிகிறது, ஓரத்தில் கறுப்பே இல்லை. பையன் இறால் கேட்கிறான். செம்பு முழுக்கப் போக எத்தனை தடவை தண்ணீர் மாற்ற வேண்டும் அண்ணா?

பதில் (காட்பாடி):
இன்னும் ஒன்றரை மாதமாவது பொறுங்கள் தம்பி. ஃபில்டரில் புதுக் கரி போடுங்கள், இப்போது மாற்றுவது போலவே மாற்றிக்கொண்டிருங்கள். அப்புறம் முதலில் ஒரே ஒரு இறால் விட்டு ஒரு வாரம் பாருங்கள்.