சொட்டுநீர்க் குழாயில் கடைசி வரிசைக்குத் தண்ணீர் வரவில்லை, வியாழன் ஊருக்குப் போகிறேன், அவசரம்

கத்திரிப்பூ | சனி, காலை 7:10

வணக்கம். மொட்டை மாடியில் 40 பை வைத்திருக்கிறேன். கத்திரி, வெண்டை, தக்காளி, மிளகாய் எல்லாம் இருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே சொட்டுநீர்க் குழாய் போட்டேன். எல்லாமே புதுச் சாமான். முதல் இரண்டு வரிசையில் கொஞ்சம் சொட்டுகிறது, கடைசி வரிசையில் ஒரு துளிகூட இல்லை. சொட்டுகிற பைகளிலும் மண்ணின் மேல்தான் ஈரம், விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடக்கிறது. வியாழன் இரவு கோவில்பட்டிக்குக் கிளம்புகிறோம், அக்கா மகள் கல்யாணம், ஐந்து நாள். இந்த வெயிலில் ஒரு நாள் விட்டாலே வாடிவிடும். கத்திரி இப்போதுதான் பூ வைத்திருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்? யாராவது உடனே சொல்லுங்கள்.

போர்த்தண்ணீர் | காலை 7:32

உப்புதான். வேறு எதையும் தேட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரே கோடையில், தண்ணீர் சொட்டுகிற சின்ன மூக்கு, அந்த டிரிப்பர் அத்தனையும் வெள்ளையாக அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் பிடுங்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கலந்து இரவு முழுக்க ஊறப் போட்டேன். காலையில் கழுவி மாட்டியதும் சரியாகிவிட்டது. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

சனிஞாயிறு தச்சன் | காலை 7:51

புதுக் குழாய் என்கிறார். மூன்று வாரத்தில் உப்பு படிந்து அடைக்காது. காற்று அடைத்திருக்கும். குழாய் எங்காவது மேலே ஏறி இறங்குகிறதா? கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போகிறதா? அந்த மேட்டில் காற்று தங்கிவிட்டால், அழுத்தம் குறைந்த தண்ணீரால் அதைத் தள்ள முடியாது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசி மூடியைக் கழற்றி ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். துளை போட்டபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் துருவல் இருந்தாலும் அதோடு வந்துவிடும். நான் முதல்முறை குழாய் போட்டபோது ஒரு கைப்பிடி துருவல் வந்தது.

மேல்நிலை | காலை 8:15

இங்கே நான் பலமுறை சொல்லியாகிவிட்டது. கேள்வி கேட்பவர் விவரம் தராமல் "வரவில்லை" என்று மட்டும் சொன்னால், பதில் சொல்பவர்கள் இருட்டில்தான் துழாவ வேண்டும். மேலே இரண்டு பேர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். டேங்க் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? குழாய் எத்தனை மில்லிமீட்டர்? டிரிப்பர் மணிக்கு எத்தனை லிட்டர், என்ன வகை? ஃபில்டர் உண்டா? பைகள் தரையிலா, ஸ்டாண்டிலா? இத்தனையும் எழுதிவிட்டு வாருங்கள். சொட்டுநீர் என்பது கணக்கு. ஆசைப்பட்டு மாட்டினால் மட்டும் வேலை செய்யாது.

மல்லிகைப்பந்தல் | காலை 8:40

அவசரத்தில் எழுதியிருக்கிறார், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே. கத்திரிப்பூ அக்கா, அல்லது அண்ணா, யாராக இருந்தாலும் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். டேங்க் அடி வண்டல் வந்து அடைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது.

கத்திரிப்பூ | காலை 9:55

அக்காதான். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. டேங்க் மாடியிலேயே மூன்று அடி மேடையில் இருக்கிறது, 1000 லிட்டர். போர்த் தண்ணீர். 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய். டிரிப்பர் 4 லிட்டர் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள், வகை தெரியவில்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. முதல் இரண்டு வரிசைப் பைகள் தரையில் செங்கல் மேல். கடைசி வரிசை இரும்பு ஸ்டாண்டில், இரண்டரை அடி. கைப்பிடிச் சுவரைத் தாண்டவில்லை. மூடி கழற்றி ஓடவிட்டேன், துருவல் கொஞ்சம் வந்தது, ஆனால் பிறகும் அப்படியேதான்.

மேல்நிலை | காலை 10:20

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். அதாவது 33 அடி. உங்கள் மேடை மூன்று அடி, டேங்கில் தண்ணீர் மூன்றரை அடி, மொத்தம் ஆறரை. தரையில் இருக்கும் பையின் உயரம் ஓர் அடி போனால் மிச்சம் ஐந்தரை அடி. அது 0.17 பார்கூட இல்லை. ஸ்டாண்டில் இருக்கும் வரிசைக்கு வெறும் மூன்று அடி, 0.09 பார். டிரிப்பரில் எழுதியிருக்கும் 4 லிட்டர் என்பது ஒரு பார் அழுத்தத்துக்கான கணக்கு. மோட்டார் வைத்து வயலுக்குப் பாய்ச்சுவதற்காக வந்த பொருள் அது. சின்ன பூஸ்டர் பம்ப் ஒன்று வாங்கி மாட்டுங்கள், டிரிப்பரையும் அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகைக்கு மாற்றுங்கள். அதுதான் எல்லாப் பைக்கும் ஒரே அளவு தரும்.

மண்பானை | காலை 10:48

இத்தனை பாரும் பம்பும் எதற்கு? ஒவ்வொரு பையிலும் மெருகு பூசாத ஒரு மண் கலயத்தைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். மண் காயக் காய அதுவே கசிந்து கொடுக்கும், மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். கரண்ட் வேண்டாம், டிரிப்பரும் வேண்டாம். நான் ஆறு வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

போர்த்தண்ணீர் | காலை 11:05

12 அங்குலப் பையில் கலயத்தைப் புதைத்தால் வேருக்கு எங்கே இடம்? போர்த் தண்ணீரில் கலயத்தின் துளையும் உப்பு பூத்து அடைத்துவிடும். டிரிப்பரைக் கழற்றி ஊறவைக்கலாம். செடி நடுவில் புதைந்த கலயத்தை என்ன செய்வீர்கள்?

மண்பானை | காலை 11:22

ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் மண்ணை மாற்றும்போது எடுத்து நார் போட்டுத் தேய்த்து வெயிலில் வைப்பேன். இடம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் நான் பெரிய பை வைக்கிறேன். நான் சொல்ல வந்தது வேறு. சனி ஞாயிறு மாடிக்குப் போவதே செடியோடு இருக்கத்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பையாகப் போகும்போதுதான் எந்த இலைக்கு அடியில் அசுவினி இருக்கிறது, எந்தத் தண்டில் மாவுப்பூச்சி ஏறுகிறது என்று கண்ணில் படும். குழாய் போட்டவர்கள் பலர் செடி பட்டுப்போன பிறகுதான் பார்க்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல் | காலை 11:50

எனக்கு ஷிப்ட் வேலை. வாரத்தில் ஐந்து நாள் மாடிக்கே போக முடியாது. 60 பைக்கு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது சனிக்கிழமைக் காலை முழுக்க அதிலேயே போகும், இடுப்பு வலியோடு கீழே வருவேன். குழாய் போட்ட பிறகுதான் பந்தல் கட்டவும், விதை எடுக்கவும், பிள்ளையோடு உட்கார்ந்து நாற்று நடவும் நேரம் கிடைத்தது. செடியைப் பார்ப்பது குறையவில்லை, கூடியிருக்கிறது. எல்லோருடைய சனி ஞாயிறும் ஒன்றல்ல, மண்பானை ஐயா.

மண்பானை | மதியம் 12:14

உங்கள் நிலை புரிகிறது அம்மா. ஓய்வு பெற்றவன் கணக்கில் பேசிவிட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது கையால் ஊற்றுங்கள் என்பதை விடமாட்டேன்.

பழைய ஃபிட்டர் | மதியம் 12:40

அம்மா, ஒரு கேள்வி. தண்ணீரைக் கையால் வால்வைத் திருகித் திறக்கிறீர்களா, இல்லை குழாயில் டைமர் மாட்டியிருக்கிறீர்களா? ஐந்து நாள் ஊரில் இருக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். டைமர் என்றால், திறக்கும்போது "டக்" என்று ஒரே சத்தம் கேட்கிறதா, இல்லை நாலைந்து விநாடி "ர்ர்ர்" என்று சுற்றுகிற சத்தம் கேட்கிறதா?

மேல்நிலை அவர்களுக்கு ஒன்று. அழுத்தத்தைத் தானே சரிசெய்யும் டிரிப்பர் ஒழுங்காக வேலை செய்யவே அரை பார் போல வேண்டும். இந்த டேங்கில் அதைப் போட்டால் இப்போது சொட்டுவதும் நின்றுவிடும். உங்கள் உயரக் கணக்கு சரி, மருந்துதான் இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

மேல்நிலை | மதியம் 1:05

நான் பம்போடு சேர்த்துத்தான் சொன்னேன். முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

கத்திரிப்பூ | மாலை 5:30

மன்னிக்கவும், மதியம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். ஆமாம், டைமர் இருக்கிறது, பேட்டரியில் ஓடுவது. அதைச் சொல்லத் தோன்றவே இல்லை. "டக்" என்று ஒரே சத்தம்தான். காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் என்று வைத்திருக்கிறேன்.

பழைய ஃபிட்டர் | மாலை 5:58

அப்போது கோளாறு அங்கேதான். "டக்" சத்தம் போடுவது சோலனாய்டு வால்வ். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். பேட்டரி திறப்பது ஒரு சின்னத் துளையை மட்டும்தான், சவ்வைத் தூக்கிப் பிடிப்பது தண்ணீரின் அழுத்தம். அந்த டைமர் பெட்டியைப் பாருங்கள், வேலை செய்யும் அழுத்தம் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அரை பாரில்தான் தொடங்கும், சிலவற்றில் 0.2. உங்களிடம் அவ்வளவு இல்லை. சவ்வு பாதி தூக்கி நிற்கிறது, தண்ணீர் கசிந்து கீழ் வரிசைக்குப் போகிறது, ஸ்டாண்டுக்கு ஏற மாட்டேன் என்கிறது.

"ர்ர்ர்" சத்தம் போடுவது உள்ளே பால் வால்வை, அதாவது துளை போட்ட உருண்டை வால்வை, மோட்டார் வைத்துத் திருப்பும் வகை. அதற்கு அழுத்தமே வேண்டாம், பெட்டியில் 0 பார் என்று இருக்கும். கடையில் டேங்க் தண்ணீருக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். முதல் வரிசையின் கடைசி மூடியைக் கழற்றி, 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு டைமரைக் கழற்றிவிட்டு நேராக மாட்டி அதே வாளியை வையுங்கள்.

இன்னொன்று, பத்து நிமிடம் போதவே போதாது. அழுத்தம் பத்தில் ஒன்றானால் சாதா டிரிப்பரில் தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிறது. 4 லிட்டர் டிரிப்பர் மணிக்கு ஒன்றேகால் லிட்டர்தான் தரும். பத்து நிமிடத்தில் ஒரு டம்ளர். இந்த வெயிலில் காய்க்கிற செடிக்கு அது எந்த மூலைக்கு? காலையில் 45 நிமிடம், மாலையில் 45 நிமிடம் வையுங்கள். 40 பைக்கும் சேர்த்து ஐந்து நாளைக்கு 450 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். டேங்கை நிரப்பிவிட்டுப் போனால் தாங்கும். ஸ்டாண்டை இறக்க முடிந்தால் இறக்குங்கள். முடியாவிட்டால் அந்த வரிசைக்கு டேங்கிலிருந்தே தனிக் குழாய் கொடுங்கள்.

சனிஞாயிறு தச்சன் | மாலை 6:20

இது எனக்கே தெரியாது. என் வீட்டில் டேங்க் படிக்கட்டு அறைக்கு மேலே இருக்கிறது, அதனால்தான் "டக்" டைமரே ஓடுகிறது போலிருக்கிறது. காற்று என்று அடித்துச் சொன்னதற்கு மன்னிக்கவும் அக்கா.

போர்த்தண்ணீர் | மாலை 6:45

உப்பு இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த கோடையில் வரும். எலுமிச்சை உப்பு வாங்கி வையுங்கள்.

கத்திரிப்பூ | ஞாயிறு, காலை 8:05

டைமரோடு ஏழு நிமிடம். டைமர் இல்லாமல் ஒன்றரை நிமிடம். ஸ்டாண்டு வரிசையிலும் சொட்டுகிறது!! பெட்டியில் 0.5 பார் என்றே போட்டிருக்கிறது. பால் வால்வ் டைமர் தேடிக் கிளம்புகிறேன். நன்றி ஐயா, எல்லோருக்கும் நன்றி.

மேல்நிலை | ஞாயிறு, காலை 9:10

நல்லது. வாளி வைத்து அளந்தது சரியான முறை. ஐந்து நாளைக்குப் பம்ப் இல்லாமல் சமாளிக்கலாம். 60 பை, 80 பை என்று போனால் அழுத்தக் கணக்குக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

பழைய ஃபிட்டர் | ஞாயிறு, காலை 9:35

அம்மா, கடைக்குப் போகும் முன் இதைப் பார்த்தால் நல்லது. பால் வால்வ் டைமரில் ஒரு சங்கடம் உண்டு. திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் பல டைமர்கள் திறந்தபடியே நின்றுவிடும், டேங்க் முழுக்கக் காலியாகிவிடும். புது பேட்டரி போட்டு, செவ்வாய், புதன் இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஓடவிட்டுப் பாருங்கள். புதன் மாலை ஸ்டாண்டில் கடைசிப் பையின் டிரிப்பருக்கு அடியில் ஒரு டம்ளர் வைத்து, 45 நிமிடத்தில் எவ்வளவு நிறைகிறது என்று இங்கே எழுதுங்கள். குறைவாக இருந்தால் நேரத்தைக் கூட்டுவதா, அந்தப் பைகளை ஐந்து நாளைக்குக் கீழே இறக்கி வைப்பதா என்று வியாழனுக்குள் பார்த்துவிடலாம்.

மல்லிகைப்பந்தல் | வியாழன், இரவு 9:20

அக்கா, டம்ளர் நிறைந்ததா?