விசென்டரில் ஸ்டோரேஜ் ப்ரொவைடர் பதிவாக மறுக்கிறது

சிப்காட்_அட்மின், கடலூர்:
விஎம்வேர் விசென்டர் (விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் சர்வர்), 3 ஹோஸ்ட் கிளஸ்டர். ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் மாற்றியபின் வாசா ப்ரொவைடரை (ஸ்டோரேஜின் விவரங்களை விசென்டருக்குச் சொல்லும் மென்பொருள்) சேர்த்தால் சான்றிதழ் பிழை. பாஸ்வேர்டு சரி, பிங் போகிறது. எங்கே பார்ப்பது?

புதுவை_விஎம்:
பிங் ஒன்றையும் நிரூபிக்காது. விசென்டர் ஷெல்லிலிருந்தே ப்ரொவைடர் போர்ட்டுக்கு கர்ல் கட்டளை அடித்து இணைப்பு கிடைக்கிறதா பாருங்கள். போர்ட் எண் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அடுத்து நேரம். விசென்டரும் ஸ்டோரேஜும் ஒரே என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்யும்) சர்வரைப் பார்க்கட்டும். புதுச் சான்றிதழின் தொடக்க நேரம் விசென்டர் கடிகாரம் காட்டும் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் ஏற்காது. ஹோஸ்ட்களில் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ நேரத்தை யுடிசியில்தான் (உலகப் பொது நேரம்) காட்டும். 5:30 மணி வித்தியாசத்தைத் 'திருத்தி'விடாதீர்கள்!

முதுநகர்_சான்:
என் சந்தேகம் பெயர்மேல்தான். ஓபன்எஸ்எஸ்எல் கருவியில் சான்றிதழைத் திறந்து மாற்றுப்பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அதில் முழு டொமைன் பெயர் மட்டும் இருக்க, யுஆர்எல்லில் ஐபி கொடுத்தால் நிராகரிக்கும். பழைய பதிவை நீக்கி, ஸ்டோரேஜில் சான்றிதழைப் புதுப்பித்து, விசென்டரில் எஸ்பிஎஸ் (ஸ்டோரேஜ் ப்ரொவைடர்களைக் கவனிக்கும்) சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, பெயரைக் கொடுத்தே சேர்த்துப் பாருங்கள். மறுபடி பிழை விழுந்தால் எஸ்பிஎஸ் லாக்கின் கடைசி வரிகளை இங்கே போடுங்கள்.

சிப்காட்_அட்மின்:
ஷிப்ட் ஓடும்போதே செய்யலாமா சார்?

முதுநகர்_சான்:
செய்யலாம். ப்ரொவைடர் டேட்டா பாதையில் இல்லை, ஓடும் விஎம்கள் ஓடும். விவிஓஎல்லில் (வாசா வழியே நிர்வகிக்கப்படும் சேமிப்பு) இருக்கும் விஎம்களை மட்டும் ப்ரொவைடர் பதிவாகும்வரை ஆஃப் செய்யாதீர்கள், திரும்ப ஆன் ஆகாது.