வெள்ளத்தில் மூழ்கின வண்டியைத் தெரியாமல் வாங்கினவங்க, வாங்கப் போய்த் தப்பிச்சவங்க: உங்க அனுபவம்?

முடிச்சூர் ரோடு

2017 ஏப்ரல்ல வாங்கின வண்டி. வித்து வருஷக்கணக்காச்சு, ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் மனசை விட்டுப் போகல. அதனாலதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர். புரோக்கர் இல்லாம, தாம்பரம் பக்கம் ஒரு வீட்ல நேரடியா பேசி முடிச்சது. 2015 டிசம்பர் வெள்ளத்துல வண்டி எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். "சொந்த ஊருக்கு எடுத்துட்டுப் போயிருந்தோம் தம்பி"ன்னார் பெரியவர். அம்மா காபி கொடுத்தாங்க. ஓட்டிப் பார்க்கும்போது உள்ள மல்லிகை வாசனை தூக்கலா இருந்துச்சு. சுத்தமா வச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஜூன்ல திருவண்ணாமலை போறோம். பின் சீட்ல என் பொண்ணு, அப்ப ஏழு வயசு, பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே வந்தா. ஒரு தடவை கடைசி வரைக்கும் இழுத்துட்டு, "அப்பா, இது ஏன் ரெண்டு கலரா இருக்கு?"ன்னா. செய்யாறு ரோட்ல ஓரங்கட்டிப் பார்த்தேன். வழக்கமா வெளிய வர்ற பகுதி நல்ல கருப்பு. அதைத் தாண்டி ஒரு முழத்துக்குக் காவி நிறம், நடுவுல டீ கொட்டிக் காஞ்ச மாதிரி ஒரு கோடு. கட்டைவிரலால தேய்ச்சேன், மைதா மாதிரி மெல்லிசா வண்டல் ஒட்டுச்சு. வெள்ளம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்துச்சு அப்ப.

அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வருது. என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

கோவைப்பழம்

பெல்ட்டை இழுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்னு யாரும் நம்பிப் போயிடாதீங்க. நான் 2024 மார்ச்சுல பார்த்த வண்டில நாலு பெல்ட்டும் புதுசுங்க. சென்னைப் பதிவு, 2018 செடான், காந்திபுரத்துல ஒரு யார்டு. விலை மார்க்கெட்டை விட 80,000 ரூபா கம்மி. ஆறு வருஷ வண்டில பெல்ட் மட்டும் எப்படிங்க புதுசா இருக்கும்? அடியில தைச்சிருந்த துணி லேபிள்ல தயாரிச்ச தேதியைப் பார்த்தேன். 2024 ஜனவரி. மிக்ஜாம் புயல் சென்னையில அடிச்சது 2023 டிசம்பர் 3, 4. பள்ளிக்கரணை அடுக்குமாடி வாசல்ல கார்கள் மிதந்து போன வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கழட்டச் சொன்னேன். பையன் "அது கம்பெனி ஃபிட்டிங் சார், தொட்டதே இல்ல"ன்னான். நானே கழட்டினேன். குழிக்குள்ள கருகருன்னு பெயின்ட் அடிச்சிருந்தாங்க. ஓரத்து ரப்பர் மூடிக்கு அடியில, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தைக்கூடு. வெள்ளையா, முழுசா. அதை எடுத்து யார்டு ஓனர் மேஜை மேல வச்சேன். அவர் என்னைப் பார்க்காம நத்தைக்கூட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். எந்திரிச்சு வந்துட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனப்ப வண்டி இல்லைங்க. யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க.

ஸ்பேனர் 14

பட்டறை வச்சிருக்கேன், சென்னைதான். 2015-ல ஒரே வாரத்துல பதினேழு வண்டி டோ பண்ணி வந்துச்சு. அதுல பாதிக்கு மேல, தண்ணியில நிக்கும்போதே செல்ஃப் அடிச்சுக் கெடுத்தது. என் கதை அவ்வளவுதான். ஆனா இங்க சொல்றதுல சிலது திருத்தணும்.

முதல் பதிவு போட்டவர் மல்லிகை வாசனையோட விட்டுட்டார். வாசனை அடிச்ச வண்டியில கண்ணாடி நாலையும் ஏத்தி, ஏசியை உள்காத்துல போட்டு, பத்து நிமிஷம் ஹீட்டர் ஓட்டுங்க. ஈரக் கோணி வாடை தானா மேல வரும். மேட்டைத் தூக்கிப் பார்த்துட்டு விடாதீங்க, கதவுப் படியில இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழட்டி கார்பெட்டையே தூக்கணும். அடியில ஃபோம் இருக்கும். மேல காஞ்சாலும் அது மாசக்கணக்கா ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். டார்ச் எடுத்துக்கிட்டு சீட் ரயில் போல்ட்டைப் பாருங்க. துரு இருந்தா சந்தேகம்தான், துரு இல்லாம ஸ்பேனர் போட்ட தழும்பு மட்டும் இருந்தா இன்னும் மோசம், சீட்டை இறக்கிக் கழுவியிருக்காங்கன்னு அர்த்தம். டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டு வயர் சாக்கெட்டுகளைப் பாருங்க. பச்சை பூத்திருந்தா அந்த வண்டி வேண்டாம். இன்னைக்கு ஓடும், ஆறு மாசம் கழிச்சு பவர் விண்டோ, அப்புறம் மீட்டர், அப்புறம் ஏர்பேக்னு ஒவ்வொண்ணா போகும். ஏர்பேக்கோட கம்ப்யூட்டர் பல வண்டியில கியர் லீவருக்குக் கீழ, தரையோட தரையா இருக்கு. சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணையணும். எரிஞ்சபடியே இருந்தா கோளாறு. எரியவே இல்லன்னா யாரோ விளக்கைப் பிடுங்கிட்டாங்க.

இன்ஜின் விஷயம்: காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடு வளையும். லேசா வளைஞ்சா வண்டி ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நாள் ஓடவும் ஓடும். சிலிண்டர்ல அழுத்தம் சரியா இருக்கான்னு பார்க்கிற கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.

அப்புறம், வண்டி விவரம் காட்டுற அரசாங்க எம்பரிவாகன் ஆப்ல பார்த்தேன், ஒண்ணும் இல்லைன்னு யாரும் சொல்லாதீங்க. வெள்ளத்துல கிளைம் போட்டதை அது காட்டாது. பழைய இன்சூரன்ஸ் பாலிசி காப்பியைக் கேளுங்க. அதே ஓனர் பேர்ல வருஷா வருஷம் ஏறிட்டு வந்த நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி, வெள்ளத்துக்கு அப்புறம் புதுப்பிச்சதுல சைபரா இறங்கியிருந்தா ஏன்னு கேக்கணும். ரிப்பேர் செலவு ஐடிவியில, அதாவது பாலிசியில வண்டிக்குப் போட்ட மதிப்புல, 75 சதவீதத்தைத் தாண்டினா டோட்டல் லாஸ், முழு நஷ்டம்னு கணக்கு. அந்த வண்டிகள் ஏலத்துல போய், கழுவி, மறுபடி ரோட்டுக்கு வருது. என் கையாலேயே கழுவக் கேட்டு வந்திருக்காங்க. செய்யல.

நங்கநல்லூர்

இவ்வளவு பார்க்கிறதுக்கு சென்னை நம்பர் வண்டியே வாங்காம இருந்தா போச்சு.

கோவைப்பழம்

அப்படிச் சொல்லாதீங்க. 2018 ஆகஸ்ட்ல கேரளாவுல மூழ்கின வண்டி எத்தனை பாலக்காடு தாண்டி இங்க வந்துச்சுன்னு எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க. நம்பர் பிளேட்டைப் பார்த்து என்னங்க தெரியும்?

தாமிரபரணிக் கரை

நான் வித்தவன். ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லல.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. எங்க வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம். வண்டி ரெண்டு நாள் ஸ்டீயரிங் மட்டத்துக்குத் தண்ணியில நின்னுச்சு. பாலிசி முந்தின மாசமே முடிஞ்சிருந்துச்சு, புதுப்பிக்க மறந்துட்டேன். அதனால கிளைமும் இல்ல. ஒரு புரோக்கர் அண்ணாச்சி வந்து 60,000 ரூபாய்க்குக் கேட்டாரு. வெள்ளத்துல மூழ்கினதுன்னு பேப்பர்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். உதிரிக்குத்தான் எடுக்கேன்னு சொன்னாரு. நம்பினேன்.

போன ஆவணியில திருச்செந்தூர் போயிருந்தேன். வண்டி நிறுத்துற இடத்துல என் வண்டி நிக்கி. பின் பம்பர்ல இடது மூலையில, எங்க வீட்டுக் கேட்ல நான் இடிச்ச தழும்பு அப்படியே இருக்கு. முன்னாடி கண்ணாடியில சந்தனப் பொட்டு, எலுமிச்சம்பழம், புதுசா வாங்கிப் பூசை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காவ. ஒரு பொண்ணு கைக்குழந்தையோட முன் சீட்ல ஏறுனா. நான் பத்தடி தூரத்துல நின்னேன். சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஓட்டிட்டு வந்த பையன் எவ்வளவு கொடுத்து வாங்கினானோ, அந்த முகத்துல அன்னைக்கு அவ்வளவு சந்தோசம். வண்டி கிளம்பிப் போயிட்டு.

இப்ப மேல ஸ்பேனர் 14 ஏர்பேக் பத்தி எழுதினதைப் படிச்சதுல இருந்து தூக்கம் வரல. டிஎன் 69, வெள்ளை, 2016 மாடல், பின் பம்பர் இடது மூலையில தழும்பு. உங்க வீட்லயோ தெரிஞ்சவங்க வீட்லயோ அந்த வண்டி இருந்தா, நாளைக்குக் காலையில சாவியைத் திருப்பி அந்த விளக்கு எரிஞ்சு அணையுதான்னு பாருங்க. இல்லன்னா இங்க எனக்கு எழுதுங்க. செலவை நான் தாரேன்.