பென்சில் குறிப்புகள் புரியவில்லை: மிண்ட், ஹிஞ்ச், சிடிஓ என்றால் என்ன?

குடியாத்தம்வாசி:
பெரியப்பா விட்டுச்சென்ற இரண்டு அஞ்சல்தலை ஆல்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒவ்வொரு தலைக்கும் கீழே ‘மிண்ட்’, ‘ஹிஞ்ச்’, ‘சிடிஓ’, ‘பெர்ஃப் 13’ என்று பென்சிலால் பொடி எழுத்தில் குறித்திருக்கிறார். சிடிஓ என்று குறித்த ஒரு தலையில் முத்திரை விழுந்திருக்கிறது, ஆனால் பின்புறம் பசை அப்படியே பளபளக்கிறது. கடிதத்தில் ஒட்டாமலே முத்திரை எப்படி விழும்? வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டுத் தலை ஒட்டிய உறை ஒன்றும் இருக்கிறது. தலையை ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் சேர்க்கலாமா?

காட்பாடியார்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தயவுசெய்து ஊறவைக்காதீர்கள். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் வெடித்த புரட்சிக்கு 2006 ஜூலை 10 அன்று தலை வெளியிட்டார்கள். முத்திரையிலும் அதே தேதி இருந்தால் உங்களிடம் இருப்பது முதல்நாள் உறை, அதில் தலையும் முத்திரையும் உறையும் சேர்ந்துதான் ஒரு பொருள். சாதாரணக் கடிதங்களில் வந்த தலைகளைத்தான் ஊறவைத்துப் பிரிப்பார்கள். சிறுவயதில் இப்படியொரு உறையைக் கிண்ணத்தில் போட்டுப் பாழாக்கியவன் என்பதால் சொல்கிறேன்.

சிடிஓ என்பது, சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே சில நாட்டு அஞ்சல் துறைகள் முழுத்தாளாக முத்திரையிட்டு வெளியிடும் தலை. அது கடிதத்தில் ஏறாததால் பசை கெடுவதில்லை. நான்கு தலைகள் கூடும் இடத்தில் ஒரே முத்திரையைக் குத்துவதால், ஒவ்வொன்றின் மூலையிலும் கால்வட்டம் மட்டும் தெரியும். உங்கள் தலையில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

ராணிப்பேட்டை நண்பர்:
மிண்ட் என்றால் அஞ்சலில் பயன்படாத தலை. ஹிஞ்ச் என்பது தலையை ஆல்பத்தில் பொருத்த உதவும், பசை தடவிய மெல்லிய தாள்துண்டு. அதை மடித்து ஒரு பாதியைத் தலையின் பின்புறத்திலும் மறுபாதியைப் பக்கத்திலும் ஒட்டுவார்கள், பிரித்தாலும் அதன் தடம் பசையில் தங்கிவிடும். தடமே படாததை எம்என்எச் என்பார்கள், விலையும் கூடுதல். அந்த விலை கொடுத்து இணையத்தில் நான் வாங்கிய ஒரு தொகுப்பைத் திருப்பிப் பார்த்தால் நான்கிலும் ஹிஞ்ச் தடம்! ஆகவே பின்புறப் படத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பெர்ஃப் என்பது ஓரத்துளைகளின் அளவு. 2 சென்டிமீட்டருக்குள் 13 துளைகள் இருந்தால் பெர்ஃப் 13. 1840-இல் வந்த முதல் தலையான பென்னி பிளாக்கில் துளையே கிடையாது, கத்தரிக்கோலால்தான் வெட்டினார்கள்.

குடியாத்தம்வாசி:
இருவருக்கும் நன்றி ஐயா. மூலையில் கால்வட்டமேதான். உறையின் முத்திரையிலும் 10.7.2006 தெளிவாக இருக்கிறது. எடுத்துவைத்த கிண்ணத்துத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டேன்.